வியன்னாவில் வியன்னாக்காரராக வாழ: ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று நாள் சுற்றுலாவாக வியன்னாவுக்கு வருகிறவர்கள் அரண்மனையையும் பேராலயத்தையும் ராட்டினத்தையும் பார்த்துவிட்டு, "அழகான ஊர்தான், ஆனால் எல்லாமே விலை" என்று சொல்லிக் கிளம்புகிறார்கள். மூன்று மாதம் தங்கியவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். இந்த ஊரின் மிக நல்ல விஷயங்கள் கடைகளில் இல்லை, பொதுவில் இருக்கின்றன. மலையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர், இரவிலும் ஓடும் ரயில், நீந்துவதற்கு ஆறு, யாரும் நுழையலாம் என்ற நூலகம், ஒரு காப்பிக்கு அரை நாள் உட்கார விடும் நாற்காலி. அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்துகொண்டால் நீங்கள் பாதி வியன்னாக்காரர். படிக்க வருகிறவர்கள், வேலைக்கு வருகிறவர்கள், பிள்ளைகளோடு சில மாதம் இருந்துவிட்டுப் போக வரும் பெற்றோர் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஊரை அல்ல, வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

வியன்னாவில் 23 வட்டாரங்கள். அஞ்சல் எண்ணைப் பார்த்தாலே ஒரு முகவரி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நான்கு இலக்கத்தில் நடுவில் உள்ள இரண்டும் வட்டார எண். 1010 என்றால் முதல் வட்டாரம், 1160 என்றால் பதினாறாவது. வீடு தேடும்போது இந்தச் சின்ன விஷயம் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

வரைபடத்தை மனத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பழைய நகரம், முதல் வட்டாரம். அதைச் சுற்றி ரிங் சாலை. அதற்கு வெளியே இன்னொரு பெரிய வளையமாக கியூர்ட்டல் சாலை. இரண்டுக்கும் இடையில் 3 முதல் 9 வரையிலான வட்டாரங்கள். கியூர்ட்டலைத் தாண்டினால் 10 முதல் 19 வரையும் 23ம். தனூப் ஆற்றிலிருந்து பிரியும் கால்வாய்க்கும் அந்த ஆற்றுக்கும் நடுவில் 2ம் 20ம். தனூபைத் தாண்டினால் 21, 22.

முதல் வட்டாரத்தில் தங்காதீர்கள் என்பதே என் கருத்து. அங்கே கடைகள் சுற்றுலாவுக்கானவை, வாடகையும் அதற்கேற்ப. கியூர்ட்டலை ஒட்டிய 15, 16, 17 ஆகிய வட்டாரங்கள் புதிதாக வருகிறவருக்கு நல்லவை. யூ6 என்ற சுரங்க ரயில் தடம் பக்கத்தில், சந்தை பக்கத்தில், பக்கத்து வீட்டுக்காரரும் வேறு நாட்டிலிருந்து வந்தவராக இருக்க வாய்ப்பு உண்டு. குழந்தைகள் இருந்தால் 2ஆம் வட்டாரம். பிராட்டர் பூங்காவும் அதன் நடுவே கஷ்கொட்டை மரங்களுக்குக் கீழே நீளும் நேர்ச்சாலையும் அங்கேதான். அரச குடும்பத்தின் வேட்டைக்காடாக இருந்த பிராட்டரை 1766இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் மக்களுக்குத் திறந்துவிட்டார்.

வட்டாரத்துக்குள்ளும் இன்னும் சிறிய அலகு ஒன்று உண்டு: 'கிரெட்சல்'. நாலைந்து தெரு, ஒரு ரொட்டிக்கடை, ஒரு மருந்துக்கடை, ஒரு சின்ன உணவகம், ஒரு பூங்கா. நம் ஊரில் 'எங்க ஏரியா' என்று சொல்வோமே, அதுதான். வியன்னாக்காரர் வாழ்வது வியன்னாவில் என்பதைவிட தன் கிரெட்சலில் என்பதே சரி. முதல் வாரம் முழுக்க இந்த நாலைந்து தெருவை மட்டும் நடந்து பாருங்கள். மற்றவை எங்கும் போய்விடாது.

வீடு பிடிப்பது பற்றிச் சில எச்சரிக்கைகள். முன்பணம் பெரும்பாலும் மூன்று மாத வாடகை. 2023 ஜூலை முதல், வாடகை வீட்டுக்குத் தரகரை யார் அமர்த்தினாரோ அவரே தரகுக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே வீட்டுக்காரர் வைத்த தரகருக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. வீட்டை நேரில் பார்க்காமல், சாவியைக் கையில் வாங்காமல் எவருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். 'வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று எழுதுகிறவர் ஏமாற்றுக்காரர். முகவரியில் 12/2/15 என்று இருந்தால் 12ஆம் எண் வீடு, இரண்டாவது படிக்கட்டு, பதினைந்தாவது கதவு. பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே 'மெட்சனீன்' என்று ஒரு தளம் ஒளிந்திருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது முதல் மாடி உண்மையில் இரண்டாவதாக இருக்கலாம், தயாராக இருங்கள்.

வாடகை இங்கே ஏன் மற்ற தலைநகரங்களைப் போல எகிறவில்லை என்று புரிய வேண்டுமானால் யூ4 ரயிலில் கடைசி நிலையமான ஹைலிகன்ஷ்டாட்டில் இறங்குங்கள். எதிரே கார்ல் மார்க்ஸ் ஹோஃப் நிற்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான குடியிருப்பு. 1930இல் திறக்கப்பட்டபோது துவைக்குமிடம், குளிக்குமிடம், மழலையர் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் வந்த நகராட்சி தொழிலாளருக்காகக் கட்டிய வீடுகள் இவை. 1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டையின்போது இந்தக் கட்டடத்தின் மீதே பீரங்கி சுட்டது. இன்றும் நகராட்சியிடம் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. நகரத்தில் நாலில் ஒருவர் அவற்றில் குடியிருக்கிறார். புதிதாக வருகிறவருக்கு அந்த வீடு உடனே கிடைக்காது. ஆனால் அவை இருப்பதால்தான் மற்றவர் வாடகையும் ஓரளவு கட்டுக்குள் நிற்கிறது.

இரண்டாம் படி: முதல் மூன்று நாளில் செய்ய வேண்டியவை

குடியேறி மூன்று நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்தின் பெயர் 'மெல்டெட்செட்டல்'. வீடு தந்தவரின் கையெழுத்து அதில் வேண்டும். கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போனால் கட்டணம் இல்லாமல் முத்திரை போட்டுத் தருவார்கள். வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு, நூலக அட்டை எதற்குப் போனாலும் இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். கையெழுத்துப் போடத் தயங்கும் வீட்டுக்காரரிடம் வாடகைக்குப் போக வேண்டாம். ஹோட்டலில் தங்குகிறவருக்கு இந்த வேலை இல்லை, ஹோட்டலே பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடைகள் மூடினால் திங்கள் காலைதான் திறக்கும். நான் வந்திறங்கியது ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் முழுக்க விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டும் குழாய்த் தண்ணீரும்தான். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. நீங்கள் வெள்ளிக்கிழமையே அரிசி, பால், காய் வாங்கி வைத்துவிடுங்கள்.

அந்தக் குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்த ஊரின் கிணறுகள் காலராவையும் டைஃபாய்டையும் பரப்பின. எடுவார்ட் சூஸ் என்ற புவியியலாளர் மலை ஊற்றுகளிலிருந்து நீரைக் கொண்டுவரலாம் என்று போராடி நிறைவேற்றினார். 1873இல் முதல் குழாய்ப்பாதை திறந்தது, 1910இல் இரண்டாவது. இரண்டாவது பாதையில் ஊற்றெடுத்த நீர் வீட்டுக் குழாய்க்கு வர ஒன்றரை நாள் ஆகிறது, வழியில் பம்பு கிடையாது, சரிவின் விசையிலேயே வந்து சேர்கிறது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர்க்காரர்களாகிய நமக்கு இதன் அருமை தெரியும். ஆகவே பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம். தெருவெங்கும் குடிநீர்க் குழாய்கள் உண்டு. வெளியே போகும்போது ஒரு குப்பி போதும். பழைய வீடுகளின் நடைபாதைச் சுவரில் இரும்புத் தொட்டியோடு ஒரு குழாய் இருக்கும். 'பசேனா' என்று பெயர். வீட்டுக்குள் குழாய் வராத காலத்தில் அந்த மாடி முழுக்கத் தண்ணீர் பிடித்ததும் ஊர்க்கதை பேசியதும் அங்கேதான்.

மூன்றாம் படி: வண்டி ஏறுதல்

நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை. சீட்டு வாங்கி, நீலப் பெட்டியில் முத்திரை குத்தி, ஏற வேண்டும். குத்த மறந்தால் சீட்டு இருந்தும் இல்லாத கணக்குதான். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், அபராதம் நூறு யூரோவுக்கு மேல். ஒற்றைப் பயணச் சீட்டில் எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம், ஆனால் ஒரே திசையில்தான், வந்த வழியே திரும்ப முடியாது. ஒரு மாதம் தங்கினாலும் மாதச் சீட்டே இலாபம். ஆண்டுச் சீட்டு 2012இலிருந்து 2025 முடியும் வரை 365 யூரோவாக, நாளுக்கு ஒரு யூரோ என்ற கணக்கில் இருந்தது. 2026இல் விலை ஏறிவிட்டது, ஆனாலும் ஆண்டு முழுக்க இருப்பவர் அதைத்தான் எடுக்க வேண்டும்.

டிராமுக்கு இங்கே 'பிம்' என்று பெயர், மணியோசையிலிருந்து வந்தது. சுரங்க ரயில் வேகம், பிம்தான் ஊரைக் காட்டும். வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும். 2019 முதல் அதற்குள் சாப்பிடத் தடை. நகரும் படியில் வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் நடப்பவருக்கு.

நான்காம் படி: நாவைப் பழக்குதல்

ஆங்கிலத்தில் காலம் தள்ளலாம், ஆனால் வாசலில் நிற்பது போலத்தான் இருக்கும். கடைக்குள் நுழையும்போது 'க்ரூஸ் காட்' சொல்ல வேண்டும். சொல்லாமல் பொருளைக் கேட்பது மரியாதைக் குறைவு. வெளியேறும்போது 'வீடர்ஷாவ்ன்'. நண்பர்களுக்கு வரும்போதும் போகும்போதும் 'சேர்வஸ்', பிரியும்போது 'பாபா'. மதியம் பதினொன்றரையிலிருந்து இரண்டு வரை அலுவலகத்தில் எதிர்ப்படும் எவரும் 'மால்ட்சைட்' என்பார்கள். 'சாப்பிட்டாச்சா?' என்று நாம் கேட்பதற்கு அது ஏறக்குறைய சமம்.

'டூ', 'ஸீ' என்ற வேறுபாட்டைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை, நீயும் நீங்களும்தான். மூத்தவர் 'டூ' என்று அழைக்கச் சொல்லும் வரை 'ஸீ' என்றே சொல்லுங்கள். படித்த பட்டத்தைச் சேர்த்து 'ஃபிராவ் டோக்டர்' என்று அழைத்தால் இன்னும் மகிழ்ச்சி.

ஜெர்மனியில் ஜெர்மன் படித்துவிட்டு வந்தவர்கள் சந்தையில் திகைப்பார்கள். தக்காளி இங்கே 'பாரடைசர்', காலிஃபிளவர் 'கார்ஃபியோல்', பச்சைப் பீன்ஸ் 'ஃபிசோலன்'. சென்னையில் பீன்ஸ் என்பது யாழ்ப்பாணத்தில் போஞ்சி ஆவதைப் போலத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது இப்படிப்பட்ட 23 உணவுச் சொற்களுக்குத் தனி ஏற்பு வேண்டும் என்று ஆஸ்திரியா ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது. மொழிக்காகச் சண்டை போட்ட மண்ணிலிருந்து வந்த எனக்கு அது மிகவும் பிடித்தது. அந்தச் சொற்களைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், காய்க்காரர் முகம் மலரும்.

ஐந்தாம் படி: சமையலறையும் சந்தையும்

நாஷ்மார்க்ட் என்ற சந்தை புகழ் பெற்றது. சனிக்கிழமை காலையில் அதன் ஓரத்தில் கூடும் பழம்பொருள் சந்தைக்காக அங்கே போகலாம். வாராந்தரக் காய்கறிக்கு நான் பரிந்துரைப்பது 16ஆம் வட்டாரத்தின் புருன்னன்மார்க்ட். யூ6இல் யோசஃப்ஷ்டெட்டர் தெரு நிலையத்தில் இறங்கி நடந்தால் நீளமான தெருச்சந்தை. துருக்கிக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி, புதினா, கத்தரிக்காய், பச்சைமிளகாய். அதன் முனையிலுள்ள இப்பன் சதுக்கத்துக்குச் சனிக்கிழமை விவசாயிகளே வந்து விற்பார்கள். காய்களைக் கையால் தொட்டுப் பொறுக்கக் கூடாது, எது வேண்டும் என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள். பேரமும் வேண்டாம். மூடும் நேரத்துக்குச் சற்று முன் போனால் அவர்களே விலை இறக்குவார்கள்.

பருப்பு, புளி, கறிவேப்பிலைக்கு 7ஆம் வட்டாரத்தில் ப்ரோசி என்ற கடை இருக்கிறது. 1970களில் கேரளத்திலிருந்து செவிலியர்கள் பலர் இந்த ஊர் மருத்துவமனைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். தென்னிந்தியச் சாமான்கள் இங்கே கிடைப்பதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

வெளியே சாப்பிட 'பைஸ்ல்' எனப்படும் சின்ன உணவகத்தைத் தேடுங்கள். வேலை நாள் மதியத்தில் சூப்போடு சேர்த்த மதிய உணவு மலிவாகக் கிடைக்கும். சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெயரில் இறைச்சி இல்லாத உணவிலும் இறைச்சி இருக்கும். உருளைக்கிழங்குச் சாலடில் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றுவது இங்கே வழக்கம், ரவை உருண்டை சூப்பும் அதே சாற்றில்தான். முட்டைக்கோசும் மாவுத்துண்டும் சேர்ந்த கிரவுட்ஃபிளெக்கரலில் பன்றிக் கொழுப்பு விழலாம். 'ஓனே ஃபிளைஷ், ஓனே ஷ்பெக், ஓனே ரின்ட்சூப்' (இறைச்சி, பன்றிக்கொழுப்பு, மாட்டிறைச்சிச் சாறு இல்லாமல்) என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்ல என்ற மாவுத்துண்டு, கீரை உருண்டை, முழு ஆப்ரிகாட்டை மாவுக்குள் வைத்து அவித்த மரில்லன்க்னோடல் ஆகியவற்றில் பொதுவாக இறைச்சி இருக்காது, ஆனால் முட்டை இருக்கலாம். நம்ம ஊர்க் கொழுக்கட்டையைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடைசிப் பண்டம் அந்நியமாகவே இருக்காது. பணம் கொடுக்கும்போது பத்து சதவீதம் அளவுக்குச் சேர்த்து மொத்தத் தொகையைச் சொல்லிவிட வேண்டும், மேசையில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் இல்லை. சின்னக் கடைகளுக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: காப்பிக்கடையில் உட்காருதல்

இதற்கு அவசரப்படக் கூடாது. வியன்னாவின் காப்பிக்கடைப் பண்பாடு 2011இல் ஆஸ்திரியாவின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்ந்தது. பளிங்கு மேசை, வளைந்த மர நாற்காலி, மரச்சட்டத்தில் கோத்த செய்தித்தாள்கள், கறுப்பு மேலங்கி போட்ட பணியாளர்.

உள்ளே போய்க் காலியான மேசையில் நீங்களே உட்காருங்கள். 'காப்பி' என்று மட்டும் கேட்காதீர்கள். பால் நுரையோடு வேண்டுமானால் 'மெலாஞ்ச்', நம் நாக்குக்கு நெருக்கமானது அதுதான். பால் சொட்டோடு சின்னதாகக் கெட்டியாக வேண்டுமானால் 'கிளைனர் பிரவுனர்', வெந்நீர் சேர்த்து நீட்டியது 'ஃபெர்லெங்கர்ட்டர்', கண்ணாடிக் குவளையில் பாலேடு மிதப்பது 'ஐன்ஷ்பென்னர்'. சின்ன உலோகத் தட்டில் காப்பியும் ஒரு குவளைத் தண்ணீரும் வரும், குவளையின் மேல் கரண்டி குறுக்கே கிடக்கும். தண்ணீர் தீர்ந்தால் கேட்காமலே நிரப்புவார்கள். பல கடைகளில் இன்னும் அப்படித்தான். அது 'போகலாம்' என்ற குறிப்பு அல்ல, 'இன்னும் இருங்கள்' என்பதுதான்.

பணியாளரை ஆணாக இருந்தால் 'ஹெர் ஓபர்' என்று அழைக்க வேண்டும். விரல் சொடுக்குவது, கையைத் தட்டுவது கூடவே கூடாது. அவர் சற்று விறைப்பாகத்தான் இருப்பார். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தத் தொழிலின் தோரணை அது. கணக்கை அவராகக் கொண்டுவர மாட்டார், நீங்கள்தான் 'ட்சாலன், பிட்டே' என்று சொல்ல வேண்டும்.

சென்ட்ரல் கடையில் வரிசையில் நின்று உள்ளே போக வேண்டியிருக்கிறது. எனக்கு 6ஆம் வட்டாரத்தின் ஷ்பெர்ல் பிடிக்கும், 1880இலிருந்து இருக்கிறது, பில்லியர்ட்ஸ் மேசைமேல் செய்தித்தாள் குவிந்திருக்கும். அதைவிடவும் நல்லது உங்கள் கிரெட்சலில் இருக்கும் பெயர் தெரியாத ஒரு கடை. வாரம் மூன்று நாள், அதே நேரம், அதே மேசை. முதல் மாதம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு நாள் பக்கத்து மேசைப் பெரியவர் வானிலையைப் பற்றிப் பேசுவார்.

ஏழாம் படி: ஞாயிற்றுக்கிழமை

கடை இல்லாத நாளில் ஊர் முழுக்க வெளியே போகிறது. கோடையில் தண்ணீருக்கு. தனூபைச் சீர்படுத்தியபோது துண்டான பழைய ஆற்றுப்பகுதி இன்று ஏரி போல நிற்கிறது. யூ1இல் ஏறி 'ஆல்ட்டே டோனாவ்' நிலையத்தில் இறங்கினால் கரை. 1907இல் திறந்த கென்சஹாய்ஃபல் நீச்சல் கரை அங்கேதான், அதற்குக் கட்டணம் உண்டு. தனூப் தீவு முற்றிலும் இலவசம். வெள்ளத்தைத் தடுக்க 1972 முதல் 1988 வரை ஒரு புதுக் கால்வாயை வெட்டி, அந்த மண்ணையே கொட்டி, 21 கிலோமீட்டர் நீளத்துக்கு உருவாக்கிய தீவு. துண்டு, பழம், புளிசாதம் எடுத்துக்கொண்டு குடும்பமாகப் போங்கள். கரையிலிருந்தே இறங்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் உயிர்காப்பாளர் இல்லை. நீச்சல் தெரியாதவர்களையும் பிள்ளைகளையும் கண்பார்வையிலிருந்து விடாதீர்கள்.

இலையுதிர் காலத்தில் மலைக்கு. 'டி' டிராமில் கடைசி நிறுத்தமான நுஸ்டார்ஃப் போய், நகரப் பாதை 1 என்ற பலகையைப் பின்பற்றி ஏறினால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 484 மீட்டர் உயரமுள்ள காலன்பெர்க். நடக்க முடியாத பெரியவர்களை 38ஏ பேருந்தில் அனுப்பி மேலே சந்திக்கலாம். இறங்கும்போது 'ஹொய்ரிகர்' எனப்படும் திராட்சை மதுக்கடை. தங்கள் தோட்டத்துத் திராட்சை மதுவைத் தாங்களே விற்கலாம் என்று 1784இல் இரண்டாம் ஜோசப் அனுமதித்ததிலிருந்து வந்த வழக்கம். வாசலில் ஊசியிலைக் கிளை தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். திராட்சைச் சாறு, ரொட்டி, தடவிச் சாப்பிடப் பலவகை வெண்ணெய்க்கூட்டு கிடைக்கும், நீளமான பலகையில் முன்பின் தெரியாதவரோடு சேர்ந்து உட்கார வேண்டும். சுற்றுலாக்காரர் கூடும் கிரின்சிங்கைவிட 31ஆம் டிராமின் கடைசி நிறுத்தமான ஷ்டாமர்ஸ்டார்ஃப் உள்ளூர்க்காரர் நிறைந்தது.

பனிக்காலத்தில் கல்லறைக்கு. ஆம், நடைப்பயிற்சிக்குத்தான். 71ஆம் டிராமில் மத்தியக் கல்லறை, இரண்டாம் வாயில். 1874இல் திறந்தது. இசைமேதைகள் பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூவரும் பக்கம்பக்கமாக இருக்கிறார்கள். ஒருவர் இறந்ததை வியன்னாக்காரர் '71இல் ஏறிவிட்டார்' என்பார்கள். மரங்களுக்கு நடுவே மான் நிற்கும். நவம்பரின் முதல் நாளில் போனால் குடும்பம் குடும்பமாக வந்து விளக்கேற்றுவதைக் காணலாம்.

மழை பெய்தால் கார்ல்ஸ் சதுக்கத்தில் வியன்னா அருங்காட்சியகம். 2023 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்ததிலிருந்து அதன் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. ஊரின் கதையை இதைவிட நன்றாக வேறெங்கும் கற்க முடியாது.

எட்டாம் படி: ஓப்பராவில் நின்று கேட்டல்

1869இல் திறந்த அரசு ஓப்பரா மாளிகை 1945இல் குண்டு விழுந்து எரிந்தது. வீடிழந்த மக்கள் இருந்த அந்த ஊர் அதைத் திரும்பக் கட்டி 1955இல் திறந்தது. அங்கே நின்று கேட்பதற்கு மலிவான இடங்கள் உண்டு, காட்சி நாளன்று விற்பார்கள். இடம் பிடித்ததும் கம்பியில் துண்டோ கழுத்துச்சால்வையோ கட்டிவிட்டால் அது உங்கள் இடம், எவரும் தொட மாட்டார்கள். முன்னால் சின்னத் திரையில் வசனம் ஓடும். பருமனான மேலங்கியையும் பையையும் வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். பக்கத்தில் நிற்கும் எழுபது வயது அம்மையார் நாற்பது ஆண்டாக அதே கம்பியருகே நிற்பவராக இருக்கலாம். இடைவேளையில் அவரோடு பேச்சுக் கொடுங்கள். மார்கழிக் கச்சேரிகளில் பின்வரிசையில் உட்காரும் மாமாக்களின் அதே கண்டிப்பு, அதே காதல்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது. ஞாயிறன்று சுவரில் துளையிடுவதும் கூடாது, மிக்சியையும் காலை விடிந்தபின் ஓட்டுங்கள். குப்பையில் காகிதத்துக்குச் சிவப்பு மூடி, பிளாஸ்டிக்குக்கும் டப்பாவுக்கும் மஞ்சள், கண்ணாடியில் நிறமற்றதும் நிறமுள்ளதும் தனித்தனி. 2025 ஜனவரி முதல் பானங்களின் பிளாஸ்டிக் குப்பிக்கும் உலோக டப்பாவுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை, கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். நசுக்கிப் போட்டால் இயந்திரம் ஏற்காது. உடம்புக்கு ஐயம் என்றால் 1450, உயிருக்கு ஆபத்து என்றால் 144, காவல் 133, தீ 122.

கிளம்பும்போது, வெளியேறும் நாளுக்கு மூன்று நாள் முன்பின்னாக மறுபடி அதே வட்டார அலுவலகத்துக்குப் போய் முகவரியை நீக்கிக்கொள்ளுங்கள். சுவரையும் தரையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள், முன்பணம் திரும்ப வர அது உதவும். மிஞ்சிய சட்டி பானையை நகராட்சியே நடத்தும் பழம்பொருள் கடைக்காக எடுத்துக்கொள்வார்கள், அடுத்து வருகிறவர் மலிவாக வாங்குவார்.